வரிசையில் மூணாவது பொண்ணு

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், இந்தப் பக்கம் வந்துருங்க. கேபிள்காரப் பையன் அன்வர் எங்கியோ லைன் அறுந்து கெடக்குதுன்னு போயிருக்கறானாம், வந்துருவான். நானும் அவனுக்குத்தான் காத்துட்டு இருக்கறேன்.

வாசல்ல நின்னு நீங்க போன்ல பேசினது காதுல உழுந்துச்சுங்க. தப்பா நெனைக்காதீங்க. பழைய டிவிக்கு எச்.டி. கனெக்சன் போட்டா படம் தெளிவாத் தெரியுமான்னு யாரையோ கேட்டுட்டு இருந்தீங்க. உங்க டிவி என்ன டிவிங்க? சொவத்துல மாட்டற தட்டை டிவியா, பின்னால தொப்பை வெச்சதா? தொப்பையா. அப்ப எங்க வீட்டு டிவியாட்டத்தான்.

தெரியாதுங்க. ஒரே வார்த்தைல சொல்லோணும்னா அவ்வளவுதான். போட்டுப் பார்த்தவன் சொல்றேன். இதா, இந்தப் பையில இருக்குது பாருங்க, அந்த எச்.டி. பொட்டிதான். குடுத்துட்டு, மொத்தக் கனெக்சனையும் அறுத்துரு கண்ணுன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். எச்.டி.யும் வேண்டாம், சாதாவும் வேண்டாம்.

ஏன்னு கேக்கறீங்க. சொல்றேன். அன்வர் வர்ற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கோணும்.

எம் பேரு மாசிலாமணிங்க. கரண்டு மீட்டர் ரீடிங் எடுக்கற வேலை, முப்பத்தியொரு வருசம். இந்த கோபி டவுனைச் சுத்தி நான் ஏறாத வாசப்படி கெடையாது. உங்க வீட்டுக்கும் வந்திருப்பேன். நாய் இருந்தாலும் போவேன், மழை பேஞ்சாலும் போவேன். ஒரு நம்பர் தப்பா எழுதினேன்னு ஒருத்தன் என்மேல சொன்னதில்லீங்க. மூணையும் எட்டையும் குழப்பிக்கறவங்க இருக்கறாங்க. மீட்டர் மேல ஒட்டடை படிஞ்சிருக்கும், கண்ணாடி மங்கியிருக்கும், அவங்க குத்துமதிப்பா எழுதிட்டுப் போயிருவாங்க. நான் அப்படி இல்லை. துண்டால தொடைப்பேன், டார்ச் அடிப்பேன், சந்தேகமில்லாம கண்ணுல தெரிஞ்சாத்தான் எழுதுவேன். என் சுபாவம் அது. பார்த்ததை மட்டுந்தான் சொல்லுவேன்.

வீட்ல நானும் எஞ் சம்சாரம் சொர்ணமும்தான். பொண்ணு ஒண்ணு உண்டுங்க. மேகலா. இப்ப இல்லை. ஐயோ, அப்படி இல்லீங்க, உசுரோடதான் இருக்கோணும். எங்ககூட இல்லைன்னு சொல்ல வந்தேன். ஏழு வருசமாச்சு.

நல்ல எடத்துல மாப்பிள்ளை பாத்தனுங்க. அரிசி மில்லு வெச்சிருக்கறவங்க. நிச்சயம் பண்ணி, பத்திரிகை அடிச்சு, ஒறம்பரைக்கெல்லாம் பாதி குடுத்தாச்சு. ஒரு நாள் காலைல இட்லி சாப்பிட்டுட்டு இருக்கறப்ப வந்து, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாங்கப்பா, நான் மெட்ராஸ் போய்ப் பாட்டுப் படிக்கோணும்ங்கறா. பள்ளிக்கூடத்துல கடவுள் வாழ்த்துப் பாடுவா, கோயில் நோம்பில ரெண்டு பாட்டுப் பாடுவா. அதுக்குப் போய் மெட்ராஸா? நான் கத்தலைங்க. அடிக்கலை. மெதுவாத்தான் சொன்னேன். "இந்தக் கல்யாணம் வேண்டாம்னா, இந்த வீடும் வேண்டாம்னு அர்த்தம்"னு சொன்னேன். அவ்வளவுதான். அர்த்தம்னுதானே சொன்னேன், போன்னு சொன்னனா? அடுத்த நாள் பொழுது விடிஞ்சு பார்த்தா பையோட பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டா. கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி மெட்ராஸ்ல இருந்தாளாம், அங்க.

கொஞ்ச நாள் வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டுட்டு இருந்தாளாட்ட இருக்குது, அவங்கம்மாகிட்டப் பேச. அப்புறம் நான் நம்பரை மாத்திப் போட்டேன். அது அவளுக்காக மாத்தலைங்க. எங்க வீதில டவரு சரியாக் கெடைக்கலை. வேற கம்பெனி எடுத்தோம், நம்பரும் மாறிப்போச்சு. நம்பர் வேணும்னா வந்து வாங்கிட்டுப் போறதுதானே. வீடு இங்கியேதானே இருக்குது.

சரி, கதைக்கு வர்றேன்.

போன மார்கழில ஒரு ஞாயித்துக்கிழமைங்க. பொழுதோட ஏழு மணிக்கு ஒரு பாட்டுப் போட்டி ஓடும். சின்னச் சின்னப் புள்ளைக வந்து பாடும், மூணு பேரு உக்காந்து மார்க்குப் போடுவாங்க. நான் பேப்பர் படிச்சுட்டு இருக்கறேன். சொர்ணம் அவரைக்காய் உரிச்சுட்டு இருந்தவ, மொறத்தை அப்படியே கீழ வெச்சுட்டு, "ஏனுங்க, இங்க வாங்க, இங்க வாங்க"ங்கறா. நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள விளம்பரம் வந்துருச்சு.

என்ன புள்ளேன்னு கேட்டா, "நம்ம மேகலாங்க. பின்னால கோரஸ் பாடற பொண்ணுக நாலு பேரு நிக்கறாங்கல்ல, அதுல மூணாவதா நிக்கறா"ங்கறா.

விளம்பரம் முடிஞ்சு மறுபடி வந்துச்சு. பார்த்தேன். பாடற புள்ளைக்குப் பின்னால வாத்தியக்காரங்க, அதுக்கும் பின்னால ஒரு மேடை, அதுல நாலு பொண்ணுக. கேமரா அந்தப் பக்கம் திரும்பினா ரெண்டு நிமிசங்கூட இல்லை, ரெண்டு எண்ணறதுக்குள்ள திரும்பிக்கும். மூஞ்சி ஒவ்வொண்ணும் எம் பெருவிரல் நகம் அத்தனைதான் இருக்குது. நகத்துல போய் என்னத்தக் கண்டுபிடிக்கறது?

"எதை வெச்சு மேகலாங்கற?"ன்னு கேட்டேன்.

"நிக்கறதை வெச்சுத்தான். பாடறப்ப ஒரு கால் மேல பாரத்தைப் போட்டு நிப்பாளே, அப்படியே நிக்கறா பாருங்க."

கால் தெரியவே இல்லைங்க அதுல. இடுப்புக்கு மேலதான் தெரியுது. அதைச் சொன்னேன். அவ, "தெரியாட்டி என்ன, எனக்குத் தெரியுது"ங்கறா. இப்படிச் சொல்றவங்ககிட்ட என்ன பேசறது, சொல்லுங்க.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா எங்க வீட்ல வேற கதைதான். நாலு மணிக்கே சமையல் முடிஞ்சுரும். தலைக்குத் தண்ணி ஊத்தி, நல்ல சேலை கட்டிட்டு, டிவிக்கு முன்னால சேர் போட்டு உக்காந்துக்குவா. ஏழு வருசத்துல நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. மூஞ்சியே மாறிப்போச்சு. சோறு ரெண்டு கரண்டி கூடத் திங்கறா. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டச் சிரிச்சுப் பேசறா. எனக்கு அது புடிக்கலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா பொய்யான ஒண்ணை வெச்சு ஒருத்தி சந்தோசமா இருக்கலாமுங்களா? நாளைக்கு அது இல்லைன்னு ஆனா? அதான் எனக்குப் பயம். அது அவதானா இல்லையான்னு உறுதியாத் தெரிஞ்சுக்கோணும்னு எனக்குத் தோணிருச்சு.

பக்கத்து வீட்ல பெரிய டிவி இருக்குது. அங்க போய்ப் பாத்துட்டு வர்றேன்னா. அவங்க மருமக வேற, "அத்தை, என் போன்லயே போட்டுக் காட்டறேன் வாங்க"ன்னு கூப்பிடுது. நான் போகக்கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். எதுக்குங்க? ஏழு வருசமா மெட்ராஸ்ல வேலைல இருக்கறான்னு ஊருக்குள்ள சொல்லி வெச்சிருக்கறோம். இப்பப் போயி, இது எங்க பொண்ணா பாருங்கன்னு நாம இன்னொருத்தர்கிட்டக் கேக்கறதா? பெத்தவங்களுக்கே தெரியலையான்னு சிரிக்க மாட்டாங்களா?

அப்பத்தான் எச்.டி. விளம்பரம் பார்த்தேன். படம் அஞ்சு மடங்கு தெளிவாத் தெரியும்னு போட்டிருந்துச்சு. நேரா இங்க வந்து அன்வர்கிட்டக் கேட்டேன். கிரிக்கெட் பாக்கோணும்னு சொன்னேன். இதெல்லாம் அவன்கிட்ட எதுக்கு?

அன்வர் நல்ல பையன்தானுங்க, அதைச் சொல்லிப்போடோணும். அன்னைக்கே சொன்னான். "ஐயா, உங்க டிவிக்கு இது வேண்டாங்க. எச்.டி.ல வர்ற படத்துல புள்ளிக அத்தனை இருக்குது. உங்க டிவில அத்தனை புள்ளி காட்டறதுக்கு எடமில்லை. கால்படி சொம்புல ஒரு படி பாலை ஊத்தினா கால்படிதானுங்க நிக்கும், மிச்சம் கீழதான் போகும். போதாததுக்கு, புது ஒயரைச் சொருக உங்க டிவில ஓட்டையே இல்லை. அதே சிகப்பு வெள்ளை மஞ்ச ஒயருதான் போடோணும். டிவியை மாத்துங்க, அப்புறம் எச்.டி. போட்டுத் தர்றேன்"ன்னான்.

நல்லா ஓடற டிவியை எவனாவது மாத்துவானுங்களா? பதிமூணு வருசம் ஒரு ரிப்பேரு இல்லை. அதுவுமில்லாம, புது டிவி வாங்கிட்டு வந்தா சொர்ணம் என்ன நெனைப்பா? மகளைப் பாக்கறதுக்குத்தான் இவரு டிவி வாங்கிட்டு வந்துட்டாருன்னு நெனைப்பா. எனக்கென்ன அவசியம் அதுக்கு? பொட்டின்னா, கிரிக்கெட்டுக்குன்னு சொல்லிக்கலாம். அதனால, "நீ போடு கண்ணு, நான் பாத்துக்கறேன்"ன்னு அடம் புடிச்சுப் போட வெச்சேன்.

போட்டான். அந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்தோம். அவ சேர்ல, நான் கதவுகிட்ட நின்னுட்டு. ஏழு மணி. படம் வந்துச்சு. மேல ஒரு கறுப்புப் பட்டை, கீழ ஒரு கறுப்புப் பட்டை. நடுவுல படம். எச்.டி. படம் அகலமா வருமாமுங்க, நம்ம டிவி சதுரம். அகலத்தை உள்ள அடக்கோணும்னா உயரம் கொறைஞ்சுருது. பாடற புள்ளையே சுருங்கிப்போச்சு. பின்னால நிக்கற நாலு பேரு என்ன ஆவாங்க? மொதல்ல பெருவிரல் நகத்தளவு இருந்த மூஞ்சி, இப்பச் சுண்டு விரல் நகமாயிருச்சு.

சொர்ணம் சேரைக் கொஞ்சம் முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டா. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அதுக்கடுத்த வாரம் சேரே வேண்டாம்னு கீழ உக்காந்து, டிவிக்கு ஒரு மொழத்துல மூஞ்சியை வெச்சுட்டுப் பாக்கறா. நான் வந்து அன்வரைச் சத்தம் போட்டேன். பழைய மாதிரி சதுரமாப் பண்ணிக் குடுன்னேன். வந்து ரிமோட்ல என்னென்னமோ அமுக்கினான். படம் மேலயும் கீழயும் இழுத்துட்டு, எல்லாரும் ஒல்லியா ஒட்டடைக் குச்சியாட்டம் ஆயிட்டாங்க. இல்லாட்டி ரெண்டு ஓரத்தையும் வெட்டிரும், மூணாவது பொண்ணு நாலாவது பொண்ணு ரெண்டு பேருமே போயிருவாங்க. "இதுக்கு மேல இந்த டிவில ஒண்ணும் பண்ண முடியாதுங்கய்யா"ன்னான்.

ஒரு நாள் நான் ஒரு வேலை பண்ணினேன். சிரிக்காதீங்க. ரீடிங் எடுக்கற காலத்துல ஒரு பூதக்கண்ணாடி வெச்சிருந்தேன், பழைய மீட்டர்ல நம்பர் அழிஞ்சிருந்தாப் பாக்கறதுக்கு. அதை எடுத்துட்டு வந்து, அந்தப் பொண்ணுக வர்றப்ப டிவிமேல வெச்சுப் பார்த்தேன். மூக்கும் முழியும் பெருசாத் தெரியும்னு நெனைச்சேன். எல்லாம் சிகப்புப் புள்ளி, பச்சைப் புள்ளி, நீலப் புள்ளி. மூஞ்சியே காணோம். கிட்டப் போகப் போக ஆளே இல்லைங்க தம்பி. வெறும் புள்ளி.

சொர்ணம் அப்படியே பாத்துட்டு இருந்துட்டு, "தள்ளுங்க, மறைக்குது"ன்னா.

அப்படியே பங்குனி வந்துருச்சு. ஒரு வாரம் பார்த்தா அந்த மூணாவது பொண்ணைக் காணோம். அந்த எடத்துல வேற எவளோ குட்டையா நிக்கறா. சொர்ணத்துக்கு அன்னைக்குச் சோறு எறங்கலை. காய்ச்சலா இருக்குமோ, வேலையை விட்டு எடுத்துட்டாங்களோ, கல்யாணம் கில்யாணம் ஆயி மாசமா இருக்கறாளோன்னு ஒரு வாரம் பூரா அதே பேச்சு. அடுத்த வாரம் மூணாவது பொண்ணு வந்துட்டா. இவ அழுகறா. "இளைச்சுட்டா பாருங்க"ங்கறா. சுண்டு விரல் நகத்துல இளைச்சது எப்படிங்க தெரியும்?

அப்பத்தான் கேட்டா. "ஏனுங்க, ஒரு நடை மெட்ராஸ் போயிட்டு வந்துரலாமா"ன்னு. உறுதியில்லாம எப்படிங்க போறது? அந்த டிவிக்காரங்க ஆபீஸ் வாசல்ல போய் நின்னு, உள்ள இருக்கறது எங்க பொண்ணாட்ட இருக்குது, கூப்பிடுங்கன்னா? அது வேற எவளோன்னு ஆயிருச்சுன்னா? மொதல்ல தெளிவாத் தெரியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னேன். ஞாயம்தானே?

கடைசிப் போட்டி வந்துச்சு. பெரிய மைதானத்துல மேடை போட்டு, எல்லாரையும் மேடைல ஏத்தி நன்றி சொன்னாங்க. வாத்தியக்காரங்க, கோரஸ்காரங்க எல்லாரையும். எங்க டிவில அது எறும்பு சாரி போறாப்ல இருந்துச்சு. மறுநாள் திங்கக்கிழமை பதினோரு மணிக்கு அதையே மறுபடியும் போடுவாங்கன்னு விளம்பரம் வந்துச்சு. நான் அன்வர்கிட்ட வந்தேன். மனசு உட்டு விசயத்தைச் சொன்னேன். அவன் கைவேலையைக் கீழ வெச்சான். அப்புறம், "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்கய்யா. இங்க வாங்க, நம்ம டிவில பாருங்க"ன்னான். அதா, அங்க மாட்டியிருக்குது பாருங்க, அந்தப் பெரிய டிவிதான்.

சொர்ணமும் வர்றேன்னு நல்ல சேலை கட்டிட்டுச் செருப்புப் போட்டுட்டு நின்னா. நான்தான் வேண்டாம்னுட்டேன். அவளுக்கு முழங்கால் வலி, இந்த மாடிப்படி ஏறோணும். தவிர, ஆயிரந்தான் சொன்னாலும் பாக்கற வேலை பார்த்தவன் நான். என் கண்ணுல தப்பு வராது. "நான் பாத்துட்டு வந்து சொல்றேன்"னேன். அவ செருப்பைக் கழட்டிட்டு, "நல்லாப் பாருங்க. இடது புருவத்துல தழும்பு இருக்குதான்னு பாருங்க"ன்னா.

அது சின்னதுல ஆனதுங்க. நான்தான் சைக்கிள் பழக்கி உட்டேன். வாய்க்கா மேட்டுல பின்னால புடிச்சுட்டே ஓடினவன், இனி ஓட்டிக்குவான்னு கையை எடுத்தேன். உழுந்துட்டா. மூணு தையல். டாக்டர் தையல் போடறப்ப என் சட்டையை இறுக்கிப் புடிச்சுட்டு இருந்தா, பட்டன் ஒண்ணு தெறிச்சு அவ கையிலயே நின்னுக்கிச்சு. சரி, அது எதுக்கு இப்ப.

பதினோரு மணி. இதே ஸ்டூல்லதான் உக்காந்தேன். அன்வர் அங்க நின்னான். படம் வந்துச்சுங்க தம்பி. பொய் சொல்லக்கூடாது, அதுவல்லோ எச்.டி.! பாடற புள்ளையோட காதுல கம்மல்ல கல்லு எத்தனைன்னு எண்ணலாம். மேடைல எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சுக் கேமரா ஒவ்வொரு மூஞ்சியாப் போகுது. அந்தப் பொண்ணுகிட்ட வந்துச்சு. நின்னுச்சு.

தழும்பு இருந்துச்சுங்க. இடது புருவத்துல, வெள்ளையா. அதுக்கென்ன, தழும்பு யாருக்குத்தான் இருக்காது? உலகத்துல எத்தனை புள்ளைக சைக்கிள்ல இருந்து உழுந்திருக்கும். வயசும் அதே வயசுதான் இருக்கும். ஜாடையும், சரி, இருந்துச்சுன்னே வெச்சுக்கங்க. ஆனா நான் ஜாடையை வெச்சு எழுதறவன் இல்லையே. கீழ பேரு ஓடுச்சு. கோரஸ்னு போட்டு நாலு பேரு. மூணாவது பேரு எஸ். மேகலா.

எஸ். எஸ்ஸுங்க! என் பொண்ணா இருந்தா எம். மேகலான்னுதானே இருக்கோணும்? பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட்டு, ரேசன் கார்டு, எல்லாத்துலயும் எம். மேகலாதான். மாசிலாமணிக்கு எம். எழுத்துல தெளிவா இருக்கறதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்?

நான் எந்திரிச்சுட்டேன். "இல்லப்பா, இது வேற பொண்ணு"ன்னேன்.

அன்வர் என்னைப் பார்த்தான். "ஐயா... அம்மா பேரு சொர்ணந்தானுங்களே?"ன்னான்.

"அதுக்கு?"

"எஸ்ஸுங்கறது அம்மா பேரா இருக்கலாங்கய்யா."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அப்பன் உசுரோட இருக்கறப்ப எவளாவது அம்மா பேரை முன்னெழுத்தாப் போடுவாளா? இருபத்திரெண்டு வருசம் சோறு போட்டு, படிக்க வெச்சு, தோள்ல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன் பேரை ஒருத்தி வெட்டிப்போடுவாளா? என் பொண்ணு அப்படிப் பண்ண மாட்டாங்க. எவ்வளவு கோவம் இருந்தாலும் அதைப் பண்ண மாட்டா. எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன், அது அவ இல்லை.

அன்வர் விடலை. டிவிக்காரங்க ஆபீஸ்ல அவனுக்குத் தெரிஞ்சவங்க இருக்கறாங்களாம். "ஒரு போன் போட்டு நம்பர் வாங்கித் தரட்டுமாங்கய்யா? ரெண்டு நிமிச வேலை. நீங்க பேச வேண்டாம், அம்மா பேசட்டும்"ன்னான். உஞ் சோலியைப் பாருன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டேன்.

வீட்டு கேட்டுகிட்டயே சொர்ணம் நிக்கறா. இன்னும் அந்தச் சேலையை மாத்தலை.

"பாத்தீங்களா?"

"பார்த்தேன். அவ இல்லை."

"நல்லாத் தெரிஞ்சுதுங்களா?"

"கண்ணாடியாட்டம் தெரிஞ்சுது."

"தழும்பு?"

"இல்லை"ன்னேன். அந்த ஒண்ணுதாங்க தம்பி, நான் பார்த்ததை மாத்திச் சொன்னது. இருக்குதுன்னு சொன்னா மறுபடி குழப்பிக்குவா. எஸ்ஸைப் பத்தியும் சொல்லலை. சொன்னா அன்வராட்டமே இவளும் ஏதாச்சும் பேசுவா.

அவ அழுகலை. வாசப்படில உக்காந்துட்டு ரொம்ப நேரம் கையையே பாத்துட்டு இருந்தா. அப்புறம், "அப்ப என் கண்ணுதானுங்க தப்பு"ன்னா.

அன்னைல இருந்து அவ ஒரு மாதிரி ஆயிட்டாங்க. டிவி பக்கமே வர்றதில்லை. அது கூடப் பரவாயில்லை. எதையும் தன் கண்ணால பாத்து நம்ப மாட்டேங்கறா. அரிசில கல்லு பொறுக்கி வெச்சுட்டு, "ஏனுங்க, நீங்க ஒருக்கா பாத்துருங்க"ங்கறா. சீரகத்தையும் சோம்பையும் ரெண்டு கையிலயும் வெச்சுட்டு எது எதுன்னு எங்கிட்டக் கேக்கறா. முப்பத்தஞ்சு வருசமாச் சமைக்கறவங்க! வாசல்ல அவ தம்பி வந்து நிக்கறான், இவ உள்ள ஓடி வந்து, "வந்திருக்கறது நம்ம நடராசனான்னு பாருங்க"ங்கறா.

நான் கண்ணு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். பெரிய டாக்டரு. எழுத்தெல்லாம் படிக்கச் சொன்னாரு, வெளக்கு அடிச்சுப் பார்த்தாரு. "இந்த வயசுல இப்படிப் பார்வையா! உங்க வீட்டுக்காரரை விட நல்லாத் தெரியுதும்மா உங்களுக்கு"ன்னாரு. நான் சந்தோசமாத்தான் இருந்தேன். திரும்பி வர்றப்ப பஸ்ல சன்னலோரம் உக்காந்துட்டு இருந்தவ, எம் பக்கம் திரும்பாமயே சொல்றா. "டாக்டருக்கு என்னங்க தெரியும். பெத்த பொண்ணு யாரு, மத்தவ யாருன்னு தெரியாத கண்ணு என்ன கண்ணு."

அப்பவாவது சொல்லியிருக்கலாமேங்கறீங்களா? என்னத்தச் சொல்றதுங்க? அது அவ இல்லைங்கறப்ப என்னத்தச் சொல்றது?

நீங்க அப்படிப் பாக்காதீங்க தம்பி. அன்வரும் இப்படித்தான் பாக்கறான்.

எதுக்கு இன்னைக்கு வந்தேன்னா, நேத்து அந்தப் பாட்டுப் போட்டி மறுபடி ஆரம்பிச்சிருக்குதுங்க. புது வருசத்துப் போட்டி. நான் அதுக்காகப் போடலை. செய்தி பாத்துட்டு இருந்தவன் சும்மா மாத்துறப்ப அங்க போயிருச்சு. சொர்ணம் சமையக்கட்டுல இருந்தா. பாட்டுச் சத்தம் கேட்டா மறுபடி மனசு கெடும்னு, சத்தத்தை அமுக்கிட்டேன். படம் மட்டும் ஓடுது.

அந்தப் பொண்ணுக நாலு பேரும் நிக்கறாங்க. அப்புறம் என்னமோ பேசினாங்க, கை தட்டினாங்க, மூணாவதா நிக்கற பொண்ணை முன்னால கூப்பிடறாங்க. வர்றா. நடு மேடைல, தனியா, மைக்கு முன்னால நிக்கறா. கேமரா அவகிட்டயே இருக்குது. எங்க டிவிலயே, அந்தக் கறுப்புப் பட்டைக்கு நடுவுலயே, இப்ப மூஞ்சி உள்ளங்கை அளவுக்கு வந்துருச்சு. கண்ணை மூடிக்கிட்டா. வாயைத் தொறந்தா. பாடறாங்க.

நாலு பேரு சேந்து பாடறப்ப யாரு குரலு யாரோடதுன்னு தெரியாது. தனியாப் பாடினா அப்படி இல்லையே. ஒரு வரி கேட்டாப் போதும். எந்த எழுத்தும் வேண்டாம், தழும்பும் வேண்டாம், கண்ணை மூடிட்டே சொல்லிறலாம். ரிமோட்டு என் கையிலதான் இருக்குது. கட்டைவிரல் அந்தச் சத்தப் பட்டன் மேலதான் இருக்குது. ஒரே ஒரு வரி கேட்டுட்டு அமுக்கிரலாம்னு நெனைச்சேன். விரலு அசையலைங்க. முப்பத்தியொரு வருசம் எவன் வீட்டுக்குள்ளயும் பயப்படாமப் போனவன், அந்தப் பட்டனை அமுக்கப் பயந்து உக்காந்திருக்கறேன். அவ பாட்டுக்கு வாயைத் தொறந்து தொறந்து மூடறா. மார்க்குப் போடற அந்த மூணு பேரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. ஒருத்தரு கண்ணைத் தொடைக்கறாரு. வீட்ல ஃபேன் ஓடற சத்தந்தான் கேக்குது.

திரும்பிப் பார்த்தா, சமையக்கட்டு வாசல்ல சொர்ணம் நிக்கறா. எப்ப வந்தான்னு தெரியலை. கையெல்லாம் ஈரம். டிவியைப் பாத்துட்டு நிக்கறா.

"யாருங்க அது?"ன்னா.

"யாரோ"ன்னேன்.

தலையை ஆட்டினா. கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம், ஒரு சின்னப் புள்ளை தப்புப் பண்ணிட்டுச் சிரிக்குமே, அந்த மாதிரி ஒரு சிரிப்புச் சிரிச்சுட்டு, "எனக்கு இன்னமும் அவளாட்டமேதானுங்க தெரியுது. இந்தக் கண்ணை என்ன பண்றது"ன்னா. சொல்லிட்டு, அடுப்புல என்னமோ கருகறாப்ல இருக்குதுன்னு உள்ள போயிட்டா.

நான் டிவியை அமத்திட்டுப் பின்னாலயே போய்ப் பார்த்தனுங்க. அடுப்பே பத்த வைக்கலை.